மீனுக்கு ஒரு ப்ளட் டெஸ்ட்

மீன் வாங்கப் போனால் நாம் செய்கிற பரிசோதனை, செவுளைத் தூக்கிப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் பையில். வெளுத்திருந்தால், 'நாளைக்கு வரேம்மா.' அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒரு மீனுக்கு மட்டும் இது போதாது. ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மெஷினில் விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் அதைக் குளத்தில் விட அனுமதிப்பார்கள். ஒன்றிரண்டு மீனுக்கு அல்ல, பண்ணையிலிருந்து விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு மீனுக்கும். ஏதோ அபூர்வ மீன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப் பண்ணைக்குட்டைகளில் வளர்கிற புல்கெண்டைதான்.

புல்கெண்டை கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. இந்தியாவுக்கு ஹாங்காங்கிலிருந்து 1959-ல் வந்தது. பெயருக்கேற்றபடி புல், பாசி, நீர்த்தாவரம் எதைப் போட்டாலும் மேயும். தண்ணீருக்குள் ஒரு பசுமாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்கர்களுக்கு 1963-ல் இந்த மாட்டின் மேல் ஆசை வந்தது. ஏரியும் கால்வாயும் களையால் அடைத்துக்கொண்டு கிடக்க, ரசாயனம் தெளிக்காமல் இலவசமாகச் சுத்தம் செய்ய ஓர் ஆள் கிடைத்தால் விடுவார்களா? அலபாமாவில் ஆபர்ன், ஆர்கன்ஸாவில் ஸ்டட்கார்ட் என்று இரண்டு இடங்களில் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றே வருஷத்தில் ஸ்டட்கார்ட் பண்ணையிலிருந்து சில மீன்கள் வெளியே தப்பித்துவிட்டன.

அப்போதுதான் கவலை பிடித்தது. இது ஆறுகளில் பெருகிவிட்டால் வேண்டாத களையோடு வேண்டிய செடியையும் மேய்ந்துவிடும். அந்தச் செடிகளுக்கு நடுவில் முட்டையிடும் உள்ளூர் மீன், அவற்றைத் தின்னும் வாத்து எல்லாம் நடுத்தெருவுக்கு வரும். மாடு வேண்டும், கன்று வேண்டாம். வேலை பார்க்கவேண்டும், வம்சம் வளர்க்கக்கூடாது. இப்படி ஒரு மீன் கிடைக்குமா?

கிடைத்தது, ஹங்கேரியில். அங்கே மரியான், க்ராஸ்னாய் என்ற இரு விஞ்ஞானிகள் 1970-களில் பெண் புல்கெண்டையையும் ஆண் பெருந்தலைக் கெண்டையையும் கலந்து பார்த்தார்கள். இரண்டுக்கும் 48 க்ரோமோஸோம்கள். அம்மாவிடமிருந்து 24, அப்பாவிடமிருந்து 24 வந்து, குஞ்சுக்கும் 48 இருக்கவேண்டும். மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் 72! அப்பா தன் பங்கை ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தார். அம்மாதான் இரண்டு பங்கு கொடுத்துவிட்டாள். முட்டைக்குள் விந்து நுழைந்த கடைசி நிமிஷத்தில், தன்னிடம் உபரியாக இருக்கும் ஒரு செட்டை முட்டை வெளியே தள்ளவேண்டும். இந்தக் கலப்பில் அது தள்ளாமல் உள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டது.

மூன்று செட் இருந்தால் என்ன? உயிரோடு இருக்கலாம், வளரலாம், சாப்பிடலாம். பிள்ளை பெறுவதில்தான் தகராறு. விந்தும் முட்டையும் உருவாகும்போது க்ரோமோஸோம்கள் ஜோடி ஜோடியாக நின்று பிரியவேண்டும். மூன்று பேர் வந்து நின்றால் ஜோடி எப்படிச் சேரும்? யாரோ ஒருவர் தனியாக நிற்பார். கணக்கு உதைக்கும்.

ரொம்ப விநோதம் என்று நினைத்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கையில் எடுக்கும் பூவன்பழத்தைப் பாருங்கள். அதுவும் இரண்டு காட்டு வாழை இனங்களின் கலப்பு. அதற்கும் மூன்று செட். ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் அப்படித்தான். பழத்தின் நடுவே மிளகுத்தூள் மாதிரி கரும்புள்ளிகள் தெரிகின்றனவே, அவை விதையாக முயன்று தோற்றவை. நாம் பல நூறு ஆண்டுகளாக மூன்று செட்காரர்களைப் பஞ்சாமிர்தத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம், யாரும் ப்ளட் டெஸ்ட் கேட்டதில்லை.

மீன் விஷயத்தில் கேட்கவேண்டி வந்தது. காரணம், அந்தக் கலப்புக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் 72 இல்லை. சிலது வழக்கப்படி 48-ஓடு பிறந்து கூட்டத்தோடு கூட்டமாக நீந்தின. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. க்ரோமோஸோமை எண்ணிப் பார்க்கலாமே என்றால், பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தேடிப்பிடித்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க உட்காரவேண்டும். பத்து மீனுக்குச் செய்யலாம். லாரி லாரியாக மீன் விற்கிறவர் என்ன செய்வார்?

இந்த இடத்தில்தான் ரத்தம் கைகொடுத்தது. அது ஏன் என்று புரிய, நம் ரத்தத்துக்கும் மீன் ரத்தத்துக்கும் உள்ள ஒரு முக்கிய வித்தியாசத்தைச் சொல்லவேண்டும்.

நம்முடைய சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்துக்கு வரும் முன்பே தன் உட்கருவைத் தூக்கி எறிந்துவிடுகிறது. க்ரோமோஸோம் கிடையாது, எதிர்காலம் கிடையாது. ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டு சுமார் 120 நாள் ஓடிவிட்டுச் செத்துப்போகும். மீன் அப்படியில்லை. கோழி, பல்லி, தவளை, மீன் எல்லாவற்றின் சிவப்பணுவிலும் உட்கரு பத்திரமாக இருக்கும். நீளவட்டமான செல், நடுவில் மாங்கொட்டை மாதிரி ஓர் உட்கரு. (சினிமாவில் கோழி ரத்தத்தைத் தெளித்துக் கொலை என்று ஏமாற்றுவார்கள். லேபில் ஒரு கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். கதாசிரியர்கள் கவனிக்க.)

உட்கருவுக்குள் க்ரோமோஸோம் அதிகம் என்றால் உட்கரு பெரிசு. உட்கரு பெரிசு என்றால் அதைச் சுற்றிய செல்லும் பெரிசு. ஜார்ஜ் கல்லிவர் என்ற ஆங்கிலேய டாக்டர் யானை முதல் தேரை வரை கிடைத்த பிராணிகளின் சிவப்பணுக்களையெல்லாம் அளந்து, 1875-ல் விரிவாக வெளியிட்டார். மனிதனுடையது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு, எட்டுப் பங்கு. ஆம்ஃபியூமா என்ற விலாங்கு மாதிரியான நீர்ப்பிராணிக்கு அதைப்போல எட்டு ஒன்பது மடங்கு நீளம். கல்லிவருக்கு டி.என்.ஏ. தெரியாது. ஆனால், செல்லின் அளவுக்கும் அதனுள்ளிருக்கும் டி.என்.ஏ. சரக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது பிற்பாடு அவருடைய அளவுகளாலும் தெளிவாயிற்று.

ஆகவே, மூன்று செட் மீனின் உட்கரு, இரண்டு செட் மீனுடையதைவிட ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். பெக், பிக்கர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1983-ல் இந்தக் கலப்புக் கெண்டைகளின் சிவப்பணுக்களை நீளம் அகலம் அளந்து பார்த்து, இரண்டு வகையையும் ரத்தத்தை வைத்தே பிரிக்கலாம் என்று காட்டினார்கள். மீனைக் கொல்லவேண்டாம். ஒரு சொட்டு போதும்.

ஆனாலும், ஒவ்வொரு மீனிலும் பத்திருபது செல்களை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். அதற்கும் ஏற்கெனவே ஒரு மெஷின் இருந்தது. உங்களுக்கும் பழக்கமானதுதான். உங்கள் கடைசி ப்ளட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், 80-லிருந்து 100-க்குள். டாக்டரும் அதை விளக்குவதில்லை, நாமும் கேட்பதில்லை. அது உங்கள் சிவப்பணுவின் சராசரி கன அளவு.

அதை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த வாலஸ் கூல்டர். உப்புத் தண்ணீரில் செல்களை மிதக்கவிட்டு, ஒரு பொடித் துளை வழியாக ஒவ்வொன்றாகப் போகவைக்கவேண்டும். துளையின் குறுக்கே கொஞ்சம் மின்சாரம். செல் போகும்போது மின்சாரம் ஒரு கணம் தடைப்படும். பெரிய செல்லுக்குப் பெரிய தடை, சின்ன செல்லுக்குச் சின்னது. குறுகலான சந்துக்குள் சைக்கிள் போவதற்கும் தண்ணி லாரி போவதற்கும் உள்ள வித்தியாசம். முதல் துளையைச் சிகரெட் பாக்கெட்டின் செலஃபோன் காகிதத்தில் சூடான ஊசியால் போட்டார். முதலில் பெயின்ட் துகள்களைத்தான் அளக்கப் பார்த்தாராம். பெயின்ட் குளிரில் உறைந்துவிட, கையில் கிடைத்த ஒரே மாற்று தன் ரத்தம்தான் என்று ஒரு கதை உண்டு. பேட்டன்ட் கிடைத்தது 1953-ல்.

1980-களின் நடுவில் ஃப்ளோரிடாவின் மீன்வள ஆய்வாளர்கள் இந்த மெஷினில் கெண்டை ரத்தத்தை விட்டார்கள். சிவப்பணுவின் வெளிப்பகுதியைக் கரைக்கும் மருந்தைச் சேர்த்துவிட்டால் உட்கரு மட்டும் மிஞ்சும். அது துளை வழியே போகும்போது சின்னதா பெரிசா என்று உடனே தெரிந்துவிடும். மீன் மறுபடி தொட்டிக்குள் குதிக்குமுன் ரிசல்ட் ரெடி. நம் ஊரில் 'சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க' என்பார்கள்.

அமெரிக்க மத்திய அரசு 1985-ல் இதற்கென்று ஒரு சான்றிதழ்த் திட்டமே தொடங்கியது. பண்ணைக்காரர் ஒவ்வொரு மீனையும் சோதித்து வைப்பார். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து கூட்டத்திலிருந்து 120 மீனைத் தாறுமாறாக எடுத்து, தன் கண்ணெதிரில் மறுபடி சோதிக்கச் சொல்வார். 119 சரியாக இருந்து ஒன்றே ஒன்று இரண்டு செட்டாக இருந்தாலும் மொத்தக் கூட்டமும் ரிஜெக்ட். இவ்வளவு கறாரான பரீட்சை நம் ஐ.ஏ.எஸ்.ஸில்கூட இல்லை.

இதில் வேடிக்கை, பரீட்சையைக் கொண்டுவந்த கலப்பு மீன் சீக்கிரமே பரீட்சை ஹாலைவிட்டு வெளியேறிவிட்டது. அதற்கு அம்மாவைப்போல் புல் மேயத் தெரியவில்லை. அப்பா தண்ணீரை வடிகட்டி நுண்ணுயிர் தின்கிற ஜாதி. பிள்ளைக்கு இரண்டும் கெட்டான் வாய். களை எடுக்கக் கூப்பிட்ட ஆள் களையைத் தொடவில்லை என்றால் கூலி யார் கொடுப்பார்? பதிலுக்குச் சுத்தமான புல்கெண்டை முட்டையையே எடுத்து, கரு தரித்த சில நிமிஷங்களில் சதுர அங்குலத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் பவுண்டு அழுத்தம் கொடுத்தார்கள். அந்த அமுக்கலில் முட்டை தன் உபரி செட்டை வெளியே தள்ளமுடியாமல் போகிறது. கலப்பு தானாகச் செய்ததை இங்கே மனிதன் செய்கிறான், அவ்வளவுதான். கலப்பு மீன் போய்விட்டது, அதன் ரத்தப் பரிசோதனை தங்கிவிட்டது.

அந்த ஒன்றரை மடங்கு சிவப்பணுவால் மீனுக்கு லாபமா என்று கேட்பீர்கள். பெரிய பாத்திரத்தில் அதிகம் கொள்ளுமே? கொள்ளும். ஆனால் பாத்திரங்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது, மொத்தச் சரக்கு ஏறக்குறைய அதேதான். தவிர, கன அளவு ஒன்றரை மடங்கானால் மேற்பரப்பு 1.3 மடங்குதான் ஆகும். பெரிய உருளைக்கிழங்கு வேகக் கொஞ்சம் நேரமாவது இதனால்தான். ஆக்ஸிஜன் உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான். தண்ணீர் குளுமையாக, காற்றோட்டமாக இருக்கும்வரை தெரியாது. வெயிலில் குளம் சூடாகி ஆக்ஸிஜன் குறைந்தால், மூன்று செட் ட்ரவுட், சால்மன் மீன்கள் சாதாரண மீன்களைவிடச் சீக்கிரம் திணறுவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

செல் இத்தனை பெருத்தும் மீன் பெருக்கவில்லை, கவனித்தீர்களா? இது ஐன்ஸ்டைனையே உறுத்திய விஷயம். ப்ரின்ஸ்டனில் ஃபாங்க்ஹவுஸர் என்ற உயிரியலாளர் 1940-களில் மூன்று செட், ஐந்து செட் என்று கூடுதல் க்ரோமோஸோம் கொண்ட நீர்ப்பல்லிகளை வளர்த்தார். செல் ராட்சஸ சைஸ், பல்லி மட்டும் பழைய சைஸ். சிறுநீரகக் குழாயின் சுவரைச் சாதாரணமாகப் பல செல்கள் சேர்ந்து கட்டும். ஐந்து செட் பல்லியில் ஒரே செல் வளைந்து குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயின் அளவு மட்டும் மாறவில்லை. செங்கல் பெரிசானால் என்ன, வீட்டின் ப்ளான் வேறெங்கோ இருக்கிறது. அதே ஊரில் இருந்த ஐன்ஸ்டைன் இதைக் கேள்விப்பட்டு வியந்து, அவருக்குக் கடிதம் எழுதினார்.

இத்தனை சோதனையும் பலித்ததா என்றால், ரத்தம் சோதிக்கப்பட்ட மீன்கள் அளவில் பலித்தது. ஆனால் சில மாநிலங்கள் இரண்டு செட் மீனையும் அனுமதித்திருந்தன. 2012-ல் ஈரி ஏரியில் கலக்கும் ஸாண்டஸ்கி ஆற்றில் நான்கு இளம் புல்கெண்டைகள் பிடிபட்டன. காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லின் ரசாயனத்தைப் பார்த்ததில், அவை பண்ணையில் அல்ல, அந்த ஆற்றிலேயே பிறந்தவை என்று தெரிந்தது. 2015-ல் அங்கே முட்டைகளே கிடைத்தன. இப்போது பிடிபடும் மீன்களுக்கு எத்தனை செட் என்று பார்க்கிறார்கள். செத்த மீனில் ரத்தம் கெட்டுவிடும் என்பதால் கண்ணைத் தோண்டி எடுத்து லேபுக்கு அனுப்புவதும் உண்டு.

நான் இதையெல்லாம் தேடிப் படித்ததற்கு மீன் காரணம் இல்லை. என் தங்கை பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து உண்டாகி, பத்தாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அந்தத் திசுவை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் இரண்டு நிமிஷம் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

மனிதனுக்கு 46 க்ரோமோஸோம். ரிப்போர்ட்டில் 69 என்று இருந்தது.

இந்த மூன்று வாரமும் அவள் வீட்டில் நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். பப்பாளி சாப்பிட்டாளா, ஸ்கூட்டரில் போனாளா, மாடியேறித் துணி உலர்த்தினாளா என்று ஒரு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்திருந்தது. மாமியார் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த காரணங்கள் அவ்வளவுதான்.

நான் மீனிலிருந்து ஆரம்பித்தேன். வாழைப்பழம் சொன்னேன். "மீனுக்கும் வாழைக்கும் சரிப்படறது நமக்கு ஏன் மாமா சரிப்படலை?" என்றாள். நல்ல கேள்வி. பாலூட்டிகளில் சில மரபணுக்கள் அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும். இரண்டு தரப்பும் சரிசமமாக இருந்தால்தான் கருவும் நஞ்சுக்கொடியும் ஒழுங்காக வளரும். ஒரு தரப்பிலிருந்து ஒரு செட் கூடிவிட்டால் தராசு சாய்ந்துவிடுகிறது. மிகப் பெரும்பாலானவை ஆரம்ப மாதங்களிலேயே கலைந்துவிடும். கரு தரித்த முதல் நாளே இது தீர்மானமாகிவிடுகிறது. பப்பாளியும் மாடிப்படியும் அதற்கு ரொம்ப நாள் கழித்து.

"என்னாலதானா மாமா?"

"இல்லைம்மா. பரம்பரையும் இல்லை. மறுபடி இதே மாதிரி ஆகிறது அபூர்வம்னு டாக்டரே எழுதியிருக்கார் பார்."

"கூடுதல் செட் எப்படி வரும்?"

"சில சமயம் முட்டையிலேர்ந்து. பெரும்பாலும் ஒரே முட்டைக்குள்ள ரெண்டு விந்தணு நுழைஞ்சுடறதால."

அவள் கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக முகத்தில் லேசாக ஒரு குறும்பு. "அப்ப அவங்க பையன்தான்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். ஆனா அவன் பேரிலும் தப்பு கிடையாது, பாவம்."

"அது தெரியும்" என்றாள். பேப்பரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தெருமுனைக் கடை திறந்திருக்குமா என்று கேட்டாள். இரண்டு ஜெராக்ஸ் எடுக்கவேண்டுமாம். ஒன்று அவளுக்கு, ஒன்று மாமியாருக்கு.